இரண்டரை ஸ்டார்

மோசமான படத்துக்கு விமர்சனம் எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். பாதி பிடித்து, பாதி பிடிக்காமல் போகிற படம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். சமீபத்தில் வந்ததில் அந்த ரகம்தான் அதிகம்.

2025 ஆகஸ்ட்டில் வந்த 'கூலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் இருந்துகொண்டு துறைமுகப் படம் பார்ப்பது ஒரு இம்சை. கதை விசாகப்பட்டினத்தில்தான் நடக்கிறது. ஆனால் கிரேனும் கண்டெய்னர் லாரியும் நாங்கள் தினமும் மூஞ்சியில் முழிக்கிற சமாச்சாரம். மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு நாள் எப்படிப் போகும் என்பதில் படத்துக்குப் பெரிய அக்கறை இல்லை; கடத்தல், பழிவாங்கல், பிணத்தை எரிக்கும் மின்சார நாற்காலி என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே சமயம் சௌபின் ஷாகிர் வந்த இடமெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'மோனிகா' பாட்டில் அந்த மனுஷன் போட்ட ஆட்டத்துக்கே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். சரி, எத்தனை ஸ்டார்? இரண்டரை. அதில் சௌபினுக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பருக்கு ஸ்டார்கூட வேண்டாம். "அண்ணே, போலாமா, வேணாமா?" அவ்வளவுதான். "பசங்களைக் கூட்டிட்டுப் போறியா?" என்று திருப்பிக் கேட்டேன். படத்துக்கு 'ஏ' சான்றிதழ். ஆமாம் என்றால் வேண்டாம், தனியாகப் போனால் போகலாம். விமர்சனத்தில் இப்படி எழுத விடமாட்டார்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் இதற்கு நேர் எதிரான சிக்கல். இலங்கையிலிருந்து தப்பி வரும் குடும்பத்தைச் சென்னையில் ஒரு காலனியே அரவணைக்கிறது. சின்னப் பையன் கமலேஷ் வாயைத் திறந்தாலே சிரிப்பு. ஆனால் எல்லோரும் இவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவார்களா? தண்டையார்பேட்டையில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், முதல் கேள்வியே வேறாக இருக்கும். இதை எழுதினால் ஊரே கொண்டாடும் படத்தில் குறை கண்டுபிடிப்பவன் என்று பெயர். எழுதினேன், பெயரும் கிடைத்தது.

அவசரம் இன்னொரு தொல்லை. கேரளத்திலும் கர்நாடகத்திலும் 'கூலி' காலை 6 மணிக்கே ஓடியது. இங்கே முதல் காட்சி 9 மணிக்குத்தான். நான் சீட்டில் உட்காரும்போதே தீர்ப்பு வந்திருந்தது. 2024 நவம்பரில் 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களைச் சொல்லி, தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் வழக்கும் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. (சத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்று 'கங்குவா' தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் விமர்சகன்தான் காரணமா?) மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் எழுத இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

'பைசன்' 2025 அக்டோபர் 17 அன்று வந்தபோது கேட்டும் பார்த்தேன். "திங்கக்கிழமை தீபாவளி சார், அன்னிக்கு யார் படிப்பாங்க?" என்றார் ஆசிரியர். அன்று ராத்திரியே எழுதி அனுப்பினேன்: அப்பாவாக வரும் பசுபதிக்கே கொடுத்த காசு செரித்துவிடும், ஆனால் முன்னும் பின்னுமாகத் தாவும் கதை நீளமாக இழுக்கிறது. அச்சில் வந்தபோது பசுபதி இருந்தார். இடமில்லை என்று நீளத்தை வெட்டிவிட்டார்கள்.