கூத்து கேசட்டுக்கு 96 மோனோ, பாட்டுக்கு வி2

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாக்கெட் பிளேயரில் கேட்பதற்கு இரண்டு வகைச் சரக்கு சேரும். ஒன்று சினிமாப் பாட்டு. இன்னொன்று திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த பாரதக் கூத்து, பெரும்பாலும் பழைய கேசட். இரண்டையும் எம்பி3 ஆக மாற்றும்போது ஒரே செட்டிங் போடக் கூடாது.

பாட்டு விஷயம் சீக்கிரம் முடியும். சிடியோ ஃபிளாக்கோ (ஒலி இழக்காமல் சுருக்கிய கோப்பு) கையில் இருந்தால், எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில் வி2 என்ற தர அளவு போதும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் அதற்கு ‘ஸ்டாண்டர்ட்’ என்று பெயர். சராசரியாக 190 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட்) வரும், ஐந்து நிமிடப் பாட்டு 7 எம்பி. 320 வைத்தால் 12 எம்பி. 32 ஜிபி கார்டில் முன்னது சுமார் 4,500 பாட்டு பிடிக்கும், பின்னது 2,600. ஓசூர் பஸ் இரைச்சலில் இந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. அதற்காக 128க்கு இறங்க வேண்டாம். தவில் அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மங்கலான இரைச்சல் கசியும், ஜால்ரா ஒலி தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் குழையும்.

மொபைல் கடையில் ஏற்றிய 128 பாட்டை 320 ஆக மாற்றுவது வெறும் இட விரயம். போன ஒலி திரும்பாது. மறுபடி அமுக்கும்போது இருப்பதிலும் கொஞ்சம் போகும். அதை அப்படியே விடுங்கள்.

கூத்துக்குத்தான் பொறுமை வேண்டும். முகவீணை (சிறிய ஊதுகுழல்), ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாம் ஒரே மைக்கில் நெருக்கியடித்து விழுந்திருக்கும். இப்படி ஒரே மைக்கில் எடுத்த பதிவு மோனோ, அதாவது ஒரே தடம்தான். ஸ்டீரியோவாக என்கோட் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே குரல், ‘ஸ்ஸ்’ இரைச்சல் மட்டும் வேறு வேறு. பிட்டில் ஒரு பகுதி அந்த இரைச்சலைச் சேமிக்கவே செலவாகும். மோனோவாகச் சேர்த்தால் குரலை விட இரைச்சல் சுமார் 3 டெசிபல் தணியும்.

ஆனால் சேர்ப்பதற்கு முன் டேப் ஹெட்டைப் பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஹெட் பக்கத்தில் அதன் சாய்வை மாற்றும், ஸ்பிரிங் போட்ட சின்ன திருகை, பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, மயிரளவு திருப்புங்கள். மோனோவில் கேட்டபடியே திருப்ப வேண்டும். தாளம் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதுதான் இடம். இது சரியில்லாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் கீச்சு ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், முகவீணை மூக்கடைத்தது போல ஆகிவிடும். திருப்ப முடியாத செட் என்றால் சேர்க்காமல் ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள்.

பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (சுருக்காத கோப்பு). உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். கட்டியக்காரன் திடீரெனக் கத்துவான், பிளந்த ஒலியைப் பிறகு ஒட்ட முடியாது. இரைச்சல் நீக்கும் வசதியில் 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். போனால் குரல் தகரம் போல ஆகும், எம்பி3 அதை இன்னும் கெடுக்கும்.

பிறகு எம்பி3 ஆக 96 கேபிபிஎஸ், மோனோ, சிபிஆர் (பிட் அளவு மாறாதது). மணிக்கு 43 எம்பி. எட்டு மணி நேர ராத்திரிக் கூத்து 350 எம்பிக்குள் அடங்கும். இங்கே விபிஆர் (பிட் அளவு மாறிக்கொண்டே இருப்பது, வி2 இந்த வகை) வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. விபிஆர் கோப்பின் தலைப்பில் தாவுவதற்கான குறிகள் நூறுதான். ஒரு மணி நேரக் கோப்பில் ஒரு குறிக்கும் அடுத்ததற்கும் 36 விநாடி இடைவெளி. துரியோதனன் படுகளத்தைத் தேடிப் போனால் வேறெங்கோ நிற்கும்.

பெயர் வைக்கும்போது 01, 02 என்று எண்ணில் தொடங்கி, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். மலிவான பிளேயர்கள் பல, காப்பி ஆன வரிசையில்தான் பாடும். டேக் (கோப்புக்குள் பதியும் பெயர் விவரம்) ஐடி3 வி2.3 வகையாக இருக்கட்டும், வி2.4ஐப் பழைய பிளேயர்கள் சில படிக்காது. தமிழ் எழுத்துக் கட்டங்களாகத் தெரிந்தால் பிளேயரில் எழுத்துரு இல்லை என்று பொருள், கோப்பில் தவறில்லை.

வேவை அழித்துவிடாதீர்கள். ஃபிளாக்காக மாற்றி இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். சுருக்கும் லெவல் 5, 8 எதுவானாலும் ஒலி ஒன்றே. பழைய டேப்பில் பூச்சு உதிரும், அடுத்த முறை அது ஓடாமலே போகலாம்.