மிஸ்ர சாப்பு நூலில் உட்கார்ந்துவிட்டது

பெயின்ட் பூசிய கேன்வாஸில் தாளத்தை நூலால் தைத்துப் பார்க்கிறேன். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு மூன்றாவது கேன்வாஸில் வந்தேவிட்டது. தகிட தக திமி. மூன்று தையல், கொஞ்சம் காலி, இரண்டு, காலி, மறுபடி இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ஏழு பிசகாமல் வருகிறது.

1911 ஜனவரியில் மூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு ஓவியர் காண்டின்ஸ்கி மஞ்சளும் கறுப்புமாக ஒரு படம் தீட்டினார். அதில் ஒலி நிறமாகிவிடுகிறது. எனக்குத் தாளம் வேண்டும், அதுவும் தொட்டு எண்ணுகிற மாதிரி. அதனால்தான் நூல்.

பாடாய்ப் படுத்தியது ஊசித்துளைதான். முதல் கேன்வாஸில் அக்ரிலிக் கையில் ஒட்டாத அளவு காய்ந்ததுமே தைத்தேன். மேலே காய்ந்தாலும் உள்ளே இளகித்தான் இருக்கும், மதுரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். ஊசியைக் கவ்விக்கொண்டு பெயின்ட் தோலாக உரிந்தது. இரண்டாவதில் துளைகள் நெருங்கிவிட்டன. தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே துணி கிழிந்தது.

இந்த முறை சட்டத்திலிருந்து கழற்றி, மெல்லிசாக ஒரே பூச்சு, ஒரு வாரம் காயவைத்தேன். அடியில் தெர்மாகோல் வைத்து, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு துளையாக முன்பக்கமிருந்து குத்தூசியால் குத்தினேன். தைத்தது முனை மழுங்கிய ஊசியால். எல்லாம் மூன்று இழை. திரும்பி வந்து சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் முதல் அடியில் மட்டும், இன்னொரு மூன்று இழை. தவிலில் முதல் அடிக்கு விழும் அழுத்தம் அப்படியே தெரிகிறது!

நடுவில் சுங்குடி, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் புள்ளித் துணி. முடிச்சை அவிழ்த்ததை இஸ்திரி போடாமலே தைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் குட்டிக் கூம்பாக நிற்கிறது. காய்ந்த பிரஷ்ஷை மேலாக இழுத்தால் நுனியில் மட்டும் மஞ்சள் பிடிக்கிறது. அச்சுப்புள்ளித் துணி தட்டை, அதில் இது நடக்காது.

மற்ற துண்டுகள், மீனாட்சி கோயில் பக்கத்துப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய ஒரு தையல்கார அண்ணன் கொடுத்தவை. பை நிறைய அள்ளிப் போட்டார். ஆன்லைனில் வாங்கிய சிவப்பு நூல்தான் சாயம் விட்டு ஒரு மூலையையே கெடுத்தது. ஈர வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்க்காமல் இனி எந்த நூலையும் கோர்ப்பதில்லை.

அடுத்தது ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாப்பு, இரண்டும் மூன்றும், முழுக்க நீலத்தில். துணிகூட எடுத்து வைத்தாயிற்று. ஆனால் இந்த மிஸ்ர சாப்பு கேன்வாஸில் இடது கீழ்மூலை பாக்கி. அங்கே நாதஸ்வரத்தின் ஒரே நீண்ட ஸ்வரம்: தடித்த நூலை மேலே கிடத்தி, மெல்லிய நூலால் இடையிடையே கட்டித் தைக்க வேண்டும். துளை போட்டுவிட்டேன். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் உட்கார வேண்டும்.