என்ன மருந்து அடிச்சாங்க?

மாசியில் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தோம். பெட்டியோடு மூட்டைப்பூச்சியும் ஏறி வந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் அம்மாவின் கையில் வரிசையாகத் தடிப்புகள். முதலில் கொசு என்றே நினைத்தோம். ஒரு நாள் விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் மெத்தைத் தையலோரம் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

"கட்டில் சந்துல கொதிக்கக் கொதிக்கத் தண்ணிய ஊத்துடி, கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வை" என்றார் அம்மா. அந்தக் காலத்து வைத்தியம் என்று நான் காதில் வாங்கவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து போன் செய்தேன். இரண்டு ரூமுக்கு 1,800 ரூபாய்.

வந்தவர் முதுகில் ஒரு டேங்க். அதில் லேபிள் எதுவும் இல்லை. என்ன மருந்து என்று நான் கேட்காமல் இல்லை. ஆனால் அவர் "ஹெர்பல் மாதிரிதான் மேடம், கைக்குழந்தை இருக்கிற வீட்டுலயே அடிக்கிறோம். மூணு மணி நேரம் கதவைச் சாத்தி வச்சாப் போதும்" என்றதும் தலையாட்டிவிட்டேன். அடிக்கும்போது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. ஹெர்பலில் ஏது இந்த நெடி என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

எங்கள் பூனை சுக்கு, மூன்றேகால் கிலோ, பக்கத்து வீட்டில் இருந்தாள். ஐந்து மணி நேரம் கழித்து ஜன்னலெல்லாம் திறந்து, ஃபேன் போட்டு, அதற்கப்புறம்தான் அவளைத் தூக்கி வந்தேன். சொன்னதைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டோமே என்று ஒரு திருப்திகூட இருந்தது. மெத்தையின் அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்ததைப் பார்க்கவில்லை. சுக்கு தினமும் தூங்குவது கட்டிலுக்கு அடியில், அந்த மெத்தை தொங்கும் மூலையில்.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். அவளுடைய காது வெட்டி வெட்டித் துடித்தது. பிறகு நடக்கும்போது ஒவ்வொரு காலாக உதறினாள், தண்ணீரில் மிதித்த பூனை உதறுமே, அப்படி. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்று நான் வீடியோ எடுத்தேன். அந்த வீடியோதான் பிறகு டாக்டருக்கு உதவியது என்பது வேறு விஷயம். ஒரு மணிக்கு வாயில் ஜொள்ளு ஊற்ற, உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. தொட்டால் துள்ளினாள். எழுந்து வந்த அம்மா "பால் கொடு, விஷத்தை முறிக்கும்" என்றார். சொல்லி முடிக்கும்முன் அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. அவருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. நீலப் பம்ப்பை இரண்டு தடவை அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு சோபாவில் போய்ப் படுத்தார். நான் சுக்குவைத் துண்டில் சுருட்டி ஆட்டோவில் ஏறினேன்.

இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு தனியார் கிளினிக். டூட்டியில் இருந்தது ஒரு இளம் டாக்டர். பூனையை மேஜையில் வைக்கும் முன்பே கேட்டார்: "என்ன மருந்து அடிச்சாங்க?"

தெரியாது என்றேன். பெஸ்ட் கன்ட்ரோல்காரருக்கு ஏழு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. காலையில் அவரே விளக்கினார். வீட்டில் அடிக்கிற பூச்சிமருந்துகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட். டைக்குளோர்வாஸும் அந்தக் குடும்பம்தான், அதை 2020 டிசம்பர் கடைசியோடு இந்தியாவில் தடை செய்தாயிற்று. இந்த வகைக்கு அட்ரோபின் ஊசி உண்டு. இன்னொன்று பைரித்ராய்டு. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று பெயர் முடிபவை. இதை முறிக்கும் மருந்து கிடையாது. உடம்பில் ஒட்டியதைக் கழுவி, நடுக்கத்தை அடக்கி, உடம்பே அதை வெளியேற்றும்வரை தாக்குப்பிடிக்க வைக்க வேண்டியதுதான். ஜொள்ளு இரண்டிலுமே வரும். சுக்குவுக்குக் கண்மணி சுருங்கவில்லை, இதயத் துடிப்பும் குறையவில்லை. அதை வைத்துப் பைரித்ராய்டாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தார். பெயர் தெரிந்திருந்தால் அந்த அரைமணி நேர யோசனையே வேண்டாம்.

முதலில் நடுக்கத்துக்கு ஊசி. மனிதர்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் தருவார்களே மெத்தோகார்பமால், அதேதான். கொஞ்சம் அடங்கியதும் குளிப்பாட்டினோம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர். சுடுதண்ணீர் கூடாது, தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே போகும். பச்சைத் தண்ணீரும் கூடாது, உடம்பு குளிர்ந்தால் இந்த விஷத்தின் வேகம் கூடும். ஆளில்லாத நேரம் என்பதால் நானே பிடித்துக்கொண்டேன், கையுறை இல்லாமல். அரைமணியில் என் விரல்களில் ஊசி குத்துவதுபோல ஒரு எரிச்சல். "ஒரு நாளில் போயிடும், ஆனா கண்ணைத் தொட்டுடாதீங்க" என்றார். நடுங்கி நடுங்கியே சுக்குவின் காய்ச்சல் 104.6 வரை போயிருந்தது. பூனைக்கு 102.5 வரை சாதாரணம். பால் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்றார். நடுங்கும் பிராணிக்கு வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும். பாலில் இருக்கும் கொழுப்பும் நல்லதில்லை.

ஏன் பூனைக்கு மட்டும் இப்படி? அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நரம்பில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, திறந்ததும் மூட வேண்டும். பைரித்ராய்டு அதை மூட விடாது. நரம்பு ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். பூச்சி சாவது அப்படித்தான். நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் இந்த மருந்தைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான ஒரு வழி மிகவும் பலவீனம். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடுவதும் இதனால்தான். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கும் விட்டுவிட்டு ஓடி வருபவர்கள்தான் தன்னிடம் அதிகம் என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்குத்தான் பெஸ்ட் கன்ட்ரோல்காரர் போனை எடுத்தார். நான் கத்தவில்லை. "அண்ணா, பாட்டிலைப் போட்டோ எடுத்து மட்டும் அனுப்புங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். கெஞ்சல்தான். அனுப்பினார். சைபர்மெத்ரின் 25%. லேபிளில் போட்டிருந்த பயிர்கள் பருத்தி, வெண்டை, கத்திரி. என் அம்மாவின் கட்டிலில் கத்திரிக்காய்ப் புழுவுக்கான மருந்து! மண்ணெண்ணெய் நெடி, அந்தத் திரவத்தில் கலந்திருக்கும் கரைப்பானுடையது. எவ்வளவு தண்ணீரில் கலந்தார் என்று கேட்டதற்கு "ஒரு அளவாத்தான் மேடம்" என்றார். காசுக்கு மருந்தடிக்க பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். இருக்கிறதா என்றதும் போன் துண்டிக்கப்பட்டது.

'ஹெர்பல்' என்ற சொல்லில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் வேடிக்கை. பைரித்ரம் என்பது சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுப்பது. வெயில் பட்டால் சீக்கிரம் அழிந்துவிடும். அதை முன்மாதிரியாக வைத்து, வெயிலிலும் வயலில் தாங்கும்படி ஆய்வுக்கூடத்தில் செய்தவையே பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம். வெயிலில் தாங்குவது வெயிலே படாத கட்டிலடியில் எவ்வளவு நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு நாள் நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் எரிச்சல் என்றார். என்ன ஏது என்று விசாரித்தால், மருந்தடித்த அன்று மாலை கட்டிலைத் துணியால் துடைத்துவிட்டு அதே கையால் வியர்வையைத் துடைத்திருக்கிறார். அவருடைய டாக்டரிடம் சைபர்மெத்ரின் என்று பெயரைச் சொன்னதும் வேலை சுலபமாகிவிட்டது. முகத்துக்குச் சோப்பு, நிறையத் தண்ணீர், அந்த அறைக்குள் போகக்கூடாது. அறையில் எரிந்துகொண்டிருந்த கொசு லிக்விடையும் நிறுத்தச் சொன்னார். அதிலும் இருப்பது பைரித்ராய்டு வகைதான் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஜன்னலுக்கு வலை அடித்தோம்.

சுக்கு இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தாள். மூன்றாம் நாள் 11,400 ரூபாய் கட்டிக் கூட்டி வந்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, காது மட்டும் எப்போதாவது துடிக்கும். ஒரு வாரம் பக்கத்து வீட்டிலேயே விட்டுவைத்தோம், நான் அறையைச் சுத்தம் செய்யும்வரை. பெருக்கினால் தூசி கிளம்பும் என்பதால் கையுறை போட்டு ஈரத்துணியும் சோப்புத் தண்ணீருமாகத் தரை, கட்டில் சட்டம், சுவரோரம் என்று மூன்று முறை துடைத்தேன். துணிகளைத் தூக்கிப் போட்டேன். மெத்தையைக் காப்பாற்ற முயற்சிக்கவில்லை.

மூட்டைப்பூச்சி? அது சாகவே இல்லை. பைரித்ராய்டுக்குப் பழகிப்போன மூட்டைப்பூச்சிகள் உலகமெங்கும் உண்டு என்று அப்புறம் படித்தேன். இவ்வளவுக்கும் பிறகு பத்தாம் நாள் மறுபடி தடிப்பு. இந்தத் தடவை அம்மா சொன்னதைக் கேட்டேன். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே சாகும். கட்டிலைக் கழற்றி பால்கனியில் வைத்து, ஒவ்வொரு சந்திலும் கொதிக்கும் தண்ணீர். படுக்கை விரிப்புகள் வாஷிங் மெஷினில் அறுபது டிகிரியில். போர்வை, தலையணைகளைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டோம். தப்பிய முட்டைகள் பொரியும் என்று பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. அப்புறம் ஒரு முறை.

ஆனி பிறந்தது முதல் யாருக்கும் கடி இல்லை. கட்டில் கால்கள் நாலும் இன்னமும் எவர்சில்வர் கிண்ணங்களில்தான் நிற்கின்றன. அதில் ஒன்றில் சுக்கு தண்ணீர் குடிக்கிறாள், அம்மா தினமும் காலையில் மாற்றி ஊற்றுகிறார்.