குதிரையின் கண்ணில் பூ விழுந்த கதை

எங்கள் குதிரைக்கு இடது கண்ணில் ஏதோ குத்திக் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலத்தில், புண் வந்துவிட்டது. முதலில் கண்ணில் பட்டது கண்ணீர்கூட இல்லை, மேலிமை முடிதான். நல்ல கண்ணில் அது முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வலிக்கிற கண்ணில் கீழே சாய்ந்துவிடும்.

லாயத்தில் பழைய கண் களிம்பு ஒன்று இருந்தது. அதைத் தொடவே கூடாது என்று மருத்துவர் போனிலேயே சொல்லிவிட்டார். அது ஸ்டீராய்டு கலந்தது. புண்ணில் பட்டால் ஆறுவதற்குப் பதில் ஆழமாகும், பூஞ்சையும் சுலபமாகப் பிடிக்கும். நேரில் வந்து ஃப்ளூரசின் சாயம் விட்டு நீல விளக்கடித்தார். தோல் உரிந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. கருவிழியின் மொத்தத் தடிமனே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம்தான் பாடு. இரவு பகலாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. அரை டன் மிருகம் இமையை இறுக்கி மூடிக்கொண்டால் யார் திறப்பது? மேலிமை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதைப் பிடரிமயிரோடு பின்னிவிட்டார்கள். கழுத்தருகே நின்றபடி சிரிஞ்சால் துளி மருந்தை ஏற்றி, பின்னாலேயே காற்றை மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் மருந்து கண்ணில் பீய்ச்சியடிக்கும், குதிரை தலையை உதறும். ஆண்டிபயாட்டிக், பூஞ்சைக்கான மருந்து, அதோடு அதன் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த சீரம். கருவிழியைக் கரைக்கும் நொதிகளைச் சீரம் அடக்குமாம். வலிக்கு அட்ரோபின் நல்ல மருந்துதான், ஆனால் குடலை மந்தமாக்கிவிடும். அதனால் சாணம் சரியாகப் போடுகிறதா என்று பார்ப்பதும் என் வேலையாயிற்று.

ஓரத்திலிருந்து சிவப்பு ரத்தக்குழாய்கள் புண்ணை நோக்கி நீண்டபோது பயந்துவிட்டேன். மருத்துவரோ சந்தோஷப்பட்டார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து, ஆற்றுவதற்கு வருபவை அவை. சாயம் ஒட்டாத நாளில் இமையிலிருந்த மருந்துக் குழாயை எடுத்தார்கள்.

புண் ஆறியது, வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. ரத்தக்குழாய்கள் வற்ற வற்ற அதுவும் மாதக்கணக்கில் மெலிந்தது, முழுசாகப் போகவில்லை. பாவைக்கு நேரே இல்லாததால் பார்வை பெரும்பாலும் தப்பியது. ஆனால் அந்தப் பக்கம் திடீரென்று ஏதாவது அசைந்தால் மிரளுகிறது. குதிரையில் வழக்கமாக ஏறுவதும் இடப்பக்கம்தானே! இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் கை வைத்த பிறகுதான் அங்கவடியில் கால் வைக்கிறேன்.