ரீச்சர் கேட்ட கடைசிக் கேள்வி

ரீச்சர் போய்விட்டா என்ற செய்தி எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்தபோது, வேலையால் வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சங்கத்தின் மலருக்கு ஏதாவது கட்டுரை எழுது என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். எழுதுவதென்றால் இதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஏ.எல். (உயர்தர) ஆங்கில இலக்கிய வகுப்பில் ஏழு பேர்தான். நூலகத்துக்குப் பின்னால் இருந்த அறை. பாடத்திட்டம் முடிந்த பிறகு ரீச்சர் தன் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தா. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’, 1897. பேய்க்கதை என்றதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். டிராகுலாவின் கோட்டையில் மாட்டிக்கொண்ட ஹார்க்கர் என்ற இளைஞனை மூன்று பேய்ப்பெண்கள் நெருங்கும் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டா:

“இவன் பயந்துபோய்க் கிடக்கிறான். பிறகேன் இமைக்குக் கீழாலை பாக்கிறான்?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அவவே சொன்னா. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மரியாதையான ஒரு மனிதன் தன் ஆசையை வெளிப்படையாக எழுத முடியாது. பேய் வந்து மயக்கியது என்றால் எழுதலாம். கதையில் வரும் லூசி என்ற இளம்பெண்ணை ஒரே நாளில் மூன்று பேர் பெண் கேட்கிறார்கள். மூன்று பேரையுமே கட்டினால் என்ன என்று தோழிக்கு எழுதுகிறாள். பிறகு, டிராகுலா குடித்த இரத்தத்துக்கு ஈடாக நான்கு ஆண்களின் இரத்தம் அவள் உடம்பில் ஏற்றப்படுகிறது. தன் இரத்தம் ஏறியதாலேயே அவள் தனக்கு மனைவியாகிவிட்டாள் என்று, அவளைக் கட்ட இருந்த ஆர்தர் நினைக்கிறான். அவள் செத்து, இரத்தக்காட்டேரியாக எழுந்தபோது நெஞ்சில் முளை அடிப்பவனும் அவனே.

“அந்தக் கடிதத்துக்குக் கிடைச்ச தண்டனையைப் பாருங்கோ பிள்ளையள்.” ரீச்சரின் குரல் கம்மியிருந்தது.

அடுத்த கிழமை ‘கார்மில்லா’. டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு எழுதி 1872இல் நூலாக வந்தது. டிராகுலாவுக்கு 25 வருடம் மூத்தது. இரத்தம் குடிப்பவளும் பெண், அவள் விரும்புவதும் லோரா என்ற ஒரு பெண்ணை. கார்மில்லாவைக் கொன்று வருடக்கணக்கான பிறகும், அறை வாசலில் அவளுடைய காலடி கேட்பதுபோல லோராவுக்குத் தோன்றுகிறது. கதை அதோடு முடிகிறது.

“பயத்திலையா கேக்கிறாள், ஏக்கத்திலையா? நாளைக்கு யோசிச்சுக்கொண்டு வாங்கோ.”

அன்றிரவு சாப்பிடும்போது எல்லாவற்றையும் ஆசையாக வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனார். தகாத புத்தகம் படிப்பித்ததற்காக ரீச்சர் எங்கள் ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்டா, அதிபர் பக்கத்தில் நிற்க. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் கழற்றுவதுமாக நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வீட்டில் போய்ச் சொன்னது யார் என்று அவ கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் லண்டனுக்கு வந்துவிட்டேன்.

எதை வாசித்தாலும், சொல்லாமல் விட்டது எங்கே என்று தேடுவது ரீச்சர் தந்த பழக்கம். இங்கே அதைப் பேச எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

போன கோடையில், டிராகுலா கதையில் வரும் விட்பி என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊருக்குப் போய், 199 படிகள் ஏறி, லூசி இரவில் நடந்துபோய் இருந்த செயின்ட் மேரி தேவாலய மயானத்தில் நின்றேன். ஸ்டோக்கர் 1890இல் இந்த ஊரில் தங்கியிருந்தபோதுதான் டிராகுலா என்ற பெயரை ஒரு நூலகப் புத்தகத்தில் கண்டார். அந்தக் குன்றையும் படிகளையும் ரீச்சர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருந்தா. அதே மாதிரித்தான் இருந்தது. படம் எடுத்தேன். அனுப்ப வேண்டும் என்று நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

ஏக்கத்தில்தான், ரீச்சர். வீட்டில் போய்ச் சொன்னது நான்தான்.