ஐந்திலிருந்து ஆறு வரை

"நீங்க நடக்குற நேரம்னு தெரியும் சார், அதான் மறுபடி கூப்பிடல."

நான் மேனேஜராக இருக்கும் ஐஸ் பிளாண்ட்டின் ஆபரேட்டர் அண்ணன் இதைச் சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மரியாதைக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்பது இன்னும் பிடிபடவில்லை. ஐஸ் உறையும் பிரைன் தொட்டியின், அதாவது உப்புத்தண்ணீர்த் தொட்டியின், அளவைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

நடந்தது சின்ன விஷயம். கார்த்திகை மாதம், விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாள், விடிகாலை 5.10க்கு கரண்ட் போயிருக்கிறது. தொட்டியில் கிடக்கும் ஐஸ் பாருக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது, உப்புத்தண்ணீரின் குளிர் தாங்கும். ஆனால் அரைக்கிற மெஷின் ஓடாது. ஜெனரேட்டர் அறைச் சாவி என்னிடம். நானோ போனை வீட்டில் வைத்துவிட்டு மண்டபம் தெற்குக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். லோடு பையன்கள் கட்டையால் அடித்து உடைத்தே ஏற்றியிருக்கிறார்கள். ஒருவனுக்குப் பெருவிரல் நகம் கறுத்துப்போனது. போனில் ஒரே ஒரு மிஸ்டு கால்.

ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பியிருக்கலாமே? பிளாண்ட் இருக்கும் வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் அப்படி என்ன தூரம்? இப்படித்தான் முதலில் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். அப்புறம் நினைவு வந்தது. "ஐந்திலிருந்து ஆறு வரை என்னைத் தேடாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தவன் நான்தான்.

சர்க்கரை வெறும் வயிற்றில் 212 காட்டிய வருடம், தடைக்காலத்தில் தொடங்கிய நடை இது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பிளாண்ட்டும் பாதி தூக்கத்தில் இருக்கும். முதல் வாரம் கால் கடுத்தது. மூன்றாம் வாரத்தில் அலாரத்துக்கு முன்னால் விழித்தேன். இருட்டில் ஈர மணல், கரைவலைக்காரர்களின் பேச்சுச் சத்தம், திரும்பும்போது சர்க்கரை போடாத ஒரு டீ. ஒரே வேலையை ஒரே நேரத்தில் தினமும் செய்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நாற்பத்தாறு வயது வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரம் இருந்ததால்தான் மீதி நாள் முழுக்க யாரிடமும் எரிந்து விழாமல் இருந்தேன். இது பொய்யில்லை.

ஆனால் வேலையே இல்லாத மாதத்தில் பிடித்த ஒழுங்கை டோக்கன் நாளிலும் அப்படியே நீட்டியது சரியா? வாடைக்காற்று அடித்தால் தெற்குக் கரை, தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் வடக்குக் கரை என்று காற்றுக்காக இடத்தை மாற்றிக்கொள்கிறேன். நேரத்தை மட்டும் ஒருவருக்காகவும் மாற்றியதில்லை. அன்று வடக்கில் நடந்திருந்தால் ஐஸுக்காகக் காத்துக் கிடந்த படகுகள் என் கண்ணிலேயே பட்டிருக்கும்.

அண்ணனுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. இருபது வருடமாக மணிக்கொரு தடவை லாக் புத்தகத்தில் அளவு எழுதுகிறார். அதை நான் ஒழுங்கு என்று நினைத்ததே இல்லை, வேலை என்றுதான் நினைத்தேன். அவர் எப்போது நடப்பார், எப்போது தூங்குவார் என்று கேட்டதுமில்லை.

மாற்றுச் சாவி இப்போது லாக் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஐந்து மணிக்கு நடக்கத்தான் செய்கிறேன், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. போன் சட்டைப்பையில். வழியில் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வதால் நடை பழைய நடையாக இல்லை. அந்த நேரத்தில் அவர் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. போன மாதம் லாக் புத்தகத்தைப் புரட்டியபோது அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: "5.35 பெல்ட் அறுந்தது. 6.05 மேனேஜருக்குத் தகவல்."