இரண்டு பக்கமும் திறக்கும் நோட்டு

2008 ஆகஸ்ட் கடைசியில் அல் ஐனுக்குப் போய்ச் சேர்ந்தேன். அபுதாபி நகரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், ஓமான் எல்லையை ஒட்டிய ஊர், ஒரு பக்கம் ஜபல் ஹஃபீத் மலை, ஊருக்குள் பேரீச்சந்தோப்புகள், அந்தத் தோப்புகளுக்கு ஃபலஜ் என்கிற பழைய வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடும். அங்கே பெண்கள் அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிற ஆசிரியைகள், அதுவரை அரபியில் எடுத்த அதே பாடங்களை இனி ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும், அதற்கு அவர்களைத் தயார் செய்ய வேண்டும், இதுதான் என் வேலை. அபுதாபி கல்வி மன்றம் 2006இலிருந்தே தனியார் நிறுவனங்களின் ஆட்களை அரசுப் பள்ளிகளுக்குள் ஆலோசகர்களாக வைக்கத் தொடங்கியிருந்தது, அப்படி ஒரு நிறுவனத்தின் ஆளாகத்தான் நானும் போனேன்.

ஆசிரியைகளில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள், மீதிப் பேர் எகிப்து, ஜோர்டான், பாலஸ்தீனத்திலிருந்து வந்து பல வருடமாக அங்கேயே இருப்பவர்கள். பிள்ளைகள் இவர்கள் எல்லோரையும் 'அப்லா', அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் ஆசிரியர் அறையில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்ற அரபுக் காப்பியைச் சின்ன ஃபின்ஜான் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒருவர் நேராகவே கேட்டார்: "மிஸ், நீங்கள் இந்தியா. ஆங்கிலம் உங்களுக்கும் தாய்மொழி இல்லைதானே?" ஆமாம், நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள், கல்லூரி முதல் வருடம் புரியாமல் அழுதிருக்கிறேன் என்று சொன்னேன். அறை கொஞ்சம் இளகியது. அந்தப் பதில்தான் அங்கே எனக்கு இருந்த ஒரே சொத்து என்பது அன்று தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த வாரமே அதை மறந்துவிட்டு, எனக்கு நடந்ததையே அவர்களுக்கும் செய்யத் தொடங்கினேன்.

வகுப்பில் அரபி கூடாது என்று விதி போட்டேன். நிறுவனம் கொடுத்த படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்ததா, ஆம், இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து அதை டிக் செய்வேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்த விதியை ஒரு நாள்கூட மீறவில்லை. அவருடைய வகுப்புக்குத்தான் நான் அதிக டிக் போட்டேன். ஆனால் வகுப்பு செத்துக் கிடந்தது. காரணம் புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அக்டோபர் முடிவில் ஒரு நாள் யாரோ விடுப்பு. அங்கே அடுத்தவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பீரியடுக்கு 'இஹ்தியாத்' என்று பெயர். இந்த ஆசிரியை நான்காம் வகுப்புக்கு இஹ்தியாத் போனார், ஆலோசகர் யாரும் வரமாட்டார்கள் என்பதால் அரபியிலேயே பேசிக்கொண்டிருந்தார், நான் தாழ்வாரத்தில் நடந்து போனவள் கதவு திறந்திருந்ததால் நின்றேன். அவர் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே கேள்வி கேட்கிறார், ஒரு பெண் தப்பாகச் சொல்கிறாள், அவர் புருவத்தை மட்டும் உயர்த்துகிறார், வகுப்பே சிரிக்கிறது, அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தன் பதிலைத் திருத்துகிறாள், உடனே "அஹ்ஸன்த்தி" (நன்றாகச் செய்தாய்), இன்னொருத்திக்கு "ஷாத்ரா" (கெட்டிக்காரி), இன்னொருத்தியிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல அவள் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்குகிறாள். எனக்கு அரபி அரைகுறைதான். ஆனாலும் நான் பார்த்தவர்களிலேயே மிக நல்ல ஆசிரியைகளில் ஒருவர் அங்கே நிற்கிறார் என்பது தெரிந்தது. இவரைத்தான் இரண்டு மாதமாக நான் தொடக்கநிலை ஆசிரியை மாதிரி நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை என் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஆங்கில வகுப்பில் அவர் குழந்தைகளின் பதிலுக்குச் சொன்னது மொத்தம் இரண்டே சொல், 'குட்', 'நோ'. கிட்டத்தட்டச் சரி, பாதி சரி, தப்புதான் ஆனால் நல்ல யோசனை, இவள் சொன்னதை நீ ஒத்துக்கொள்கிறாயா என்பதற்கெல்லாம் அரபியில் அவரிடம் இருபது வழி உண்டு, ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லை. கேள்விகளும் சுருங்கிப் போயிருந்தன. ஒற்றைச் சொல்லில் பதில் வரும் கேள்வியை மட்டுமே கேட்டார், ஏனென்றால் குழந்தை எதிர்பாராத ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை ஏந்திக்கொள்ள அவரிடம் வாக்கியம் கிடையாது. இலக்கணத்தில் அவருக்குப் பெரிய குறை இல்லை. குழந்தையின் பதில்தான் அவருக்குப் பயம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது கனக்கிறது, பதினெட்டு வருடம் குழந்தைகளின் பதிலுக்காகவே வாழ்ந்த ஒருவர் அவர்கள் வாய் திறப்பதைப் பார்த்து அஞ்சும்படி நாங்கள் செய்துவிட்டோம்.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அடுத்த வாரம் நீர்ச் சுழற்சி வருகிறது, 'இவாப்பொரேஷன்' என்ற சொல்லை எப்படி நடத்துவது என்று கேட்டார். அரபியில் எப்படி நடத்துவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என் வேலையையே மாற்றியது. அரபியில் ஆவியாதலுக்கு 'தபக்குர்', ஆவிக்கு 'புகார்', வீட்டில் விருந்தாளி வந்தால் கங்கில் போடும் வாசனைப் பொருள் 'பகூர்', அதைப் போடும் கலம் 'மப்கரா', எல்லாமே ஒரே வேரிலிருந்து வருகிற சொற்கள். மப்கரா இல்லாத வீடு அந்த ஊரில் இல்லை. குழந்தைக்கு அந்தச் சொல்லின் முக்கால்வாசி ஏற்கெனவே மூக்கு வழியாகத் தெரியும். நம் பிள்ளைகளுக்கு ஆவி பறக்கும் இட்லியைப் பார்த்து 'ஆவியாதல்' பாதி புரிந்துவிடுவது போல. 'இவாப்பொரேஷன்' என்று பலகையில் எழுதியதும் அந்த முக்கால்வாசியும் காணாமல் போகிறது.

அதனால் மப்கராவிலிருந்தே தொடங்கினோம். முதல் ஐந்து நிமிடம் அரபி, அப்புறம் தேநீர்க் கெண்டியைக் காட்டி பகூரிலிருந்து எழுவது புகை, இதிலிருந்து எழுவது ஆவி என்று பிரித்துக் காட்டல் (அந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான், எனக்குத் தோன்றவில்லை), அதற்குப் பிறகு ஆங்கிலச் சொல், ஆங்கிலக் கேள்விகள். படிவத்தில் அன்று 'இல்லை' என்று டிக் போட்டேன். நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன், திருப்தி அடைந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் என்னைத் தடுக்கவில்லை.

பயிற்சியை அதற்குப் பிறகு தலைகீழாக மாற்றினேன். மாலைப் பட்டறைகளைக் குறைத்தேன், வீட்டில் நாலைந்து பிள்ளைகளோடு இருப்பவர்களை இரண்டரை மணிக்கு மேல் உட்காரவைத்து இலக்கணம் நடத்துவதில் ஒன்றும் வராது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரின் அரபி வகுப்பிலும் உட்கார்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பாலஸ்தீன ஆசிரியையின் உதவியோடு எழுதினேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு நோட்டு போட்டார். அரபு நோட்டு வலது பக்கத்திலிருந்து திறக்கும், ஆங்கில நோட்டு இடது பக்கத்திலிருந்து, அவர் ஒரே நோட்டில் அந்தப் பக்கமிருந்து தன் அரபி வாக்கியங்களையும் இந்தப் பக்கமிருந்து அவற்றுக்கான ஆங்கிலத்தையும் எண் போட்டு எழுதினார். அவசரப்படாதே, நான் காத்திருக்கிறேன். இன்னும் சொல்லு. எப்படிக் கண்டுபிடித்தாய், காட்டு. யாராவது இவளுக்கு உதவ முடியுமா. பாடப்புத்தக ஆங்கிலத்தில் இவை எங்கேயும் இருக்காது. 'டெல் மீ மோர்', 'ஷோ மீ' என்ற இரண்டு மட்டுமே எத்தனை ஆசிரியைகளைக் காப்பாற்றின என்று சொல்லி முடியாது, குழந்தை மறுபடி பேசும் அந்தச் சில நொடிகளில் ஆசிரியை யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்வழியில் படித்தது இங்கேதான் உதவியது. 'திஸ் புக்' என்று அவர்கள் சொல்லி நடுவில் 'இஸ்' விட்டுப்போனால் மற்ற ஆலோசகர்கள் கவனக்குறைவு என்பார்கள். அரபியில் 'ஹாதா கிதாப்', அவ்வளவுதான், தமிழில் 'இது புத்தகம்' மாதிரி, அங்கே வினைச்சொல்லே கிடையாது. 'ஸ்ட்ரீட்' சிலர் வாயில் 'இஸ்ட்ரீட்' ஆகும், எங்கள் தெருவில் ஸ்கூலை இஸ்கூல் என்று சொல்லாதவர்கள் யார்? 'பென்சில்' என்பதன் முதல் ஒலியும் பந்தைக் குறிக்கும் ஆங்கில 'பால்' (ball) என்பதன் முதல் ஒலியும் அரபியில் பிரிந்து நிற்காது, பென்சிலின் அந்த ஒலி அங்கே இல்லை. நாமும் இரண்டையும் ஒரே 'ப'வில்தான் எழுதுகிறோம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, பென்சிலுக்கு ஆட வேண்டும், பாலுக்கு ஆடக்கூடாது என்று ஆசிரியர் அறையில் பயிற்சி செய்தோம், நடுவயதுப் பெண்கள் பத்துப் பேர் காகிதத்தை ஊதிக்கொண்டு சிரித்த சிரிப்பில் பள்ளி முதல்வரே எட்டிப் பார்த்தார்.

நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது கணக்கு. அறிவியலில் சொற்கள்தான் மாறுகின்றன, கணக்கில் கண்ணே திசை மாற வேண்டும். அவர்கள் படித்த, நடத்திய கணக்கு வலமிருந்து இடம். ஏழில் மூன்று போனால் நான்கு என்பதை வலது ஓரத்தில் ஏழை எழுதித் தொடங்குவார்கள், இடமிருந்து வாசிக்கும் நமக்கு அது 4 = 3 - 7 என்று தெரியும். கூட்டலில் எப்படி வாசித்தாலும் விடை வந்துவிடுவதால் சிக்கல் தெரியாது, கழித்தல் வந்ததும் வெடிக்கும். எண்களும் வேறு. அவர்களுடைய ஐந்து நம் பூஜ்ஜியம் போல வட்டம், பூஜ்ஜியம் வெறும் புள்ளி, ஆறு நம் ஏழைப் போல இருக்கும். அதோடு 25ஐ அரபியில் 'ஐந்தும் இருபதும்' என்பார்கள், ஆகவே 'ட்வென்டி ஃபைவ்' என்று ஆசிரியை சொன்னதும் முதலில் காதில் விழுந்ததை ஒன்றின் இடத்தில் போட்டு 52 என்று எழுதிய குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தைக்குக் கணக்கு வராது என்று யாராவது எழுதிவிட்டால் அது எவ்வளவு பெரிய அநியாயம். இதை ஆசிரியைகளுக்கு விளக்க வேண்டியே இருக்கவில்லை, ஒரு முறை சுட்டிக் காட்டியதும் அவர்களே பத்து எடுத்துக்காட்டுகளோடு வந்தார்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களுக்கு வேலை போகும் கவலை அவ்வளவாக இல்லை, மானம்தான் கவலை, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு பற்றிய பேச்சு வந்தாலே முகம் மாறிவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பதே கேள்வி. ஜோர்டான் ஆசிரியை ஒருவர் காரில் உட்கார்ந்து ஆங்கிலப் பாட ஒலிப்பதிவு கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். அவருக்கு நான் உதவியது போதாது. நன்றாகக் கற்பிப்பவர்கள் பக்கமே சாய்ந்துவிட்டேன், தடுமாறுபவர்களுக்கு நேரம் குறைந்தது.

2010 செப்டம்பரில் புதிய பள்ளி மாதிரி என்ற திட்டம் மழலை வகுப்புகளிலும் முதல் மூன்று வகுப்புகளிலும் தொடங்கியது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எடுக்க, ஆங்கிலம் தாய்மொழியான ஆசிரியர்களைப் பல நாடுகளிலிருந்து ஏராளமாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆசிரியைகளில் சிலர் அரபுப் பாடத்துக்கு மாறினார்கள், சிலர் புதியவர்களோடு சேர்ந்து எடுத்தார்கள், ஜோர்டான் ஆசிரியை ஊர் திரும்பினார். பக்கத்தில் கத்தாரும் 2004 முதல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பிற்பாடு அரபிக்குத் திரும்பியது, மலேசியா 2003இல் தொடங்கியதைத் திரும்பப் பெறுவதாக 2009இல் அறிவித்தது, அங்கே தமிழ்ப் பள்ளிகளும் இரண்டு முறை திசை மாற வேண்டியிருந்தது. எந்த மொழியில் நடத்துவது என்பதை மேலே முடிவு செய்பவர்கள் பாதி வழியில் நிற்கும் ஆசிரியையைக் கேட்பதே இல்லை. அது எனக்கு இன்னும் கோபம்தான்.

நான் கிளம்பும் வாரம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை அந்த நோட்டைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் நிரம்பி நடுவில் நாலைந்து தாள்தான் வெறுமையாக இருந்தன. அரபிப் பக்கத்தில் கடைசியாக 'மாஷா அல்லாஹ்' என்று எழுதியிருந்தார், ஆங்கிலப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு நேரே ஒன்றும் இல்லை. குழந்தை அழகாகச் செய்துவிட்டால் இதைத்தான் சொல்வேன், இதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார். இதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து, ஆங்கில எழுத்தில், மெதுவாக, அதையே எழுதினார்.